ஏட்டில் "வேல்" எப்படி இருக்கும்?



"அண்ணா, பழைய ஓலைச்சுவடி கைக்குக் கிடைச்சா நாமளே படிச்சிடலாம்ல? தமிழ்தானே?"ன்னு ஒரு தம்பி கேட்டார். தமிழ்தான். ஆனா எடுத்த எடுப்பில் படிக்க முடியாது. ஏன்னு சொல்றதுக்கு முன்னாடி, இந்த ஏடுகள் எல்லாம் எங்கே இருக்குன்னு கொஞ்சம் பார்ப்போம்.

சென்னை நுங்கம்பாக்கத்தில் காலேஜ் ரோடு தெரியும்ல? அந்தப் பெயருக்குக் காரணமான கல்லூரி இப்போ இல்லை. 1812-ல் எல்லிஸ் என்ற அதிகாரி முன்னின்று தொடங்கிய புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி அது. கம்பெனி வேலைக்கு வந்த வெள்ளைக்கார இளைஞர்களுக்குத் தமிழ், தெலுங்கு எல்லாம் சொல்லிக்கொடுக்கிற இடம். பாடம் நடத்தப் புத்தகம் வேணுமே, அச்சுப் புத்தகமோ மிகக் குறைவு. அதனால ஏடுகள் சேர்ந்தன. பிறகு காலின் மெக்கன்சி ஊர் ஊராக ஆள் அனுப்பித் திரட்டிய சுவடிகளில் ஒரு பெரும் பகுதியும் அங்கேயே வந்து சேர்ந்தது. மெக்கன்சி இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல். நிலத்தை அளக்க வந்த மனுஷன், ஒவ்வொரு ஊர்க் கதையையும் கோயில் கதையையும் எழுதி வாங்கிக்கிட்டார். கொங்கு நாட்டு வரலாறு பேசுறவங்க இன்னிக்கும் எடுத்துக்காட்டுற "கொங்குதேச ராஜாக்கள்" அவர் திரட்டில் இருந்ததுதான்.

1850-களில் கல்லூரி மூடப்பட்டது. வில்லியம் டெய்லர் என்ற பாதிரியார் அந்த நூலகத்துச் சுவடிகளுக்கு 1857 முதல் 1862 வரை மூன்று பெரிய அட்டவணை நூல்கள் போட்டார். தலைப்பிலேயே "மறைந்த கல்லூரி"ன்னு அச்சாகியிருக்கும். நம்ம புராணங்களைப் பற்றி அவர் சொல்ற கருத்துகள் பல இடத்தில் எரிச்சல் தரும், அதை மறைக்க வேண்டாம். ஆனா ஏடு நீளமா குட்டையா, முழுசா இருக்கா, பூச்சி அரிச்சிருக்கான்னு ஒவ்வொன்றுக்கும் குறிச்சு வச்சிருக்கார்.  அந்தச் சுவடிகள்தான் 1869-ல் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்கு அடித்தளம். இப்போ கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்தில் இருக்கு. 70,000-க்கும் மேல் சுவடிகள்.

சரி, ஏட்டுக்கு வருவோம். ஓலையில் எழுதினவங்க பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டாங்க. எழுத்தாணியால் குத்தினா ஓலை பொத்தலாகும்னு சொல்லுவாங்க. நாம இப்போ ஏகாரத்துக்குப் போடுற இரட்டைச் சுழிக் கொம்பும் கிடையாது, எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்புதான். துணைக்காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். சொற்களுக்கு நடுவே இடைவெளி இல்லை, வரி பிரிக்கிறதும் இல்லை.

இப்போ "வேல்" என்ற சொல்லை இந்த முறையில் எழுதிப் பாருங்க. கொம்பு ஒண்ணு, வ, ல. அவ்வளவுதான். அதை வேல்னு படிக்கலாம், வெல்னு படிக்கலாம், வெலன்னும் படிக்கலாம். எது சரின்னு ஓலை சொல்லாது. படிக்கிறவருக்குத்தான் தெரியணும்.

இங்கதான் அருணகிரிநாதர் எனக்குப் பெரிய ஆச்சரியம். திருப்புகழ் சந்தப்பாட்டு. வேல் என்றால் தான், வெல் என்றால் தன், வெல என்றால் தன. மூணும் வேற வேற சந்தம். தப்பாப் படிச்சா தாளம் இடிக்கும், உடனே தெரிஞ்சிடும். எங்க தொழிலில் ஒரு ஃபைல் வழியில் கெட்டுப்போச்சான்னு பார்க்க செக்சம்னு ஒண்ணு வைப்போம். பாட்டுக்குள்ளேயே அது இருக்கு! வ.த. சுப்பிரமணிய பிள்ளை ஊர் ஊராகத் தேடிச் சேர்த்து 1894-லும் 1901-லும் திருப்புகழை அச்சிட்டபோது இந்தச் சந்தம் எவ்வளவு கைகொடுத்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. ஆனா செக்சம் தப்பைத்தான் காட்டும், தொலைஞ்சதைத் திருப்பித் தராது. அருணகிரியார் 16,000 பாடினார்னு மரபு சொல்லுது, நம்ம கையில் இருப்பது 1,300 சொச்சம்.

மீதி எங்கே போச்சு? கறையான், ராமபாணப் பூச்சி, ஈரம். அதோட நாமும். ஓலை நல்லாப் பார்த்துக்கிட்டா இருநூறு முந்நூறு வருஷம் தாங்கும். அதுக்குள்ள புது ஓலையில் படி எடுத்துட்டு, பழசை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடுவாங்க. காலப்போக்கில் படி எடுக்கிறது நின்னுபோச்சு, ஆற்றில் விடுறது மட்டும் நிக்கலை. கரிவலம்வந்தநல்லூர் கோயிலில் ஏடு தேடிப் போன உ.வே.சா.வுக்கு, அங்கிருந்த பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுட்டதாகப் பதில் கிடைச்சது. அலட்சியத்தால செய்யலை, சாஸ்திரம்னு நம்பித்தான் செஞ்சாங்க. அதுதான் வயித்தைக் கலக்குது.

எங்க பெரியப்பா வீட்டுப் பூஜை அறையிலும் ஒரு கட்டு இருக்கு. "முருகன் ஏடு"ன்னு பேர். வருஷா வருஷம் சரஸ்வதி பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வச்சு வச்சு மேல் ஓலை நாலஞ்சில் எழுத்தே தெரியலை. உள்ளே கந்தபுராணமா, வைத்தியமா, நிலக் கணக்கா, யாரும் பிரிச்சுப் பார்த்ததில்லை. "செல்லரிச்சுப் போச்சு, வர்ற ஆடி 18-க்குக் காவிரியில விட்டுடலாம்"னு பெரியப்பா சொன்னார். விடணும்னா விடுங்க பெரியப்பா, அதுக்கு முன்னாடி படமாவது எடுத்துக்கிறேன்னு கேட்டிருக்கேன்.

உங்க வீட்டிலும் இருந்தா, ஒட்டியிருக்கிற ஓலையை இழுத்துப் பிரிக்காதீங்க. எண்ணெய், தண்ணீர், மஞ்சள் எதுவும் தடவாதீங்க. பூச்சிக்கும் காய்ச்சலுக்கும் புல்தைலம் தடவுறது உண்டு, ஆனா அது பழகினவங்க கைவேலை. தானாகப் பிரியுற ஓலைகளை மட்டும் பகல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாம, இரண்டு பக்கமும் வரிசை மாறாம படம் எடுங்க. இடது ஓரத்தில் தமிழ் எண் இருக்கும், படத்தில் அது விழணும். கட்டு அறுந்து ஓலை கலைஞ்சுபோனா, திரும்ப அடுக்க அந்த எண் ஒண்ணுதான் துணை. அப்புறம் கோட்டூர்புரம் நூலகத்தில் கேட்டுப் பாருங்க. வீட்டுப் பெரியவங்க ஒத்துக்கலைன்னா சண்டை போடாதீங்க, சந்தனத்தை ஓலையில் வைக்காம மேலே சுத்தியிருக்கிற துணியில் வைக்கச் சொல்லுங்க. அதுக்கு எங்க பெரியப்பாவே சரின்னுட்டார்.