செடியில் புதுப் பூச்சியா? மருந்தை எடுக்கும் முன் இலையைத் திருப்புங்கள்

தை – மாசி: வீட்டுத் தோட்டத்துக்கும் மாடித் தோட்டத்துக்கும்

மழை ஓய்ந்து பனி இறங்கும் இந்த நாட்களில் அவரைக் கொழுந்திலும் தட்டைப்பயற்றின் பூங்கொத்திலும் அசுவினி அப்பும். அதைத் தின்னும் பூச்சிகளும் பின்னாலேயே வந்து சேரும். பழக்கமில்லாத உருவம் என்று மிரண்டு மருந்தடித்தால் முதலில் சாவது தின்ன வந்தவைதான். இணைசேராமலே குட்டி போடும் அசுவினி சில நாளில் மறுபடி பெருகிவிடும். ஆகவே அடையாளம் முதலில், கைவேலை அடுத்து, மருந்து கடைசியில்.

சேதத்தைப் பாருங்கள்

காலை வெயில் ஏறுமுன் பூச்சிகள் மந்தமாக இருக்கும். அப்போது இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

• கத்தரி இலையில் பச்சையம் சுரண்டப்பட்டு நரம்பு மட்டும் மிஞ்சியிருந்தால்: எபிலாக்னா புள்ளி வண்டு.
• இலை ஓரம் அரைவட்டமாகக் கடிபட்டிருந்தால்: சாம்பல் மூக்கு வண்டு. இதன் புழு மண்ணுக்குள் வேரைத் தின்னும்.
• கத்தரிக் கொழுந்து மட்டும் வாடித் தொங்கினால்: தண்டு, காய்த் துளைப்பான்.
• இலையில் பிசுபிசுப்பு, கரும்பூசணம், எறும்புச் சாரி: அசுவினி, மாவுப்பூச்சி அல்லது வெள்ளை ஈ.

இவற்றைக் கொல்லாதீர்கள்

அதிகம் குழப்புவது பொறிவண்டு. பளபளவென்று, அசுவினிக் கூட்டத்தின் நடுவே திரிந்தால் அது நல்ல வண்டு. எபிலாக்னா மங்கிய செம்பழுப்பு. உற்றுப் பார்த்தால் முதுகில் மெல்லிய மயிர் தெரியும். 12 அல்லது 28 கரும்புள்ளிகள் இருக்கும். இரண்டுமே மஞ்சள் முட்டைகளை நிமிர்த்திக் குவியலாக வைக்கும் என்பதால் முட்டையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், புழு வரட்டும். மஞ்சள் உடலில் கிளைத்த முள் இருந்தால் எபிலாக்னா. குட்டி முதலை மாதிரி கருத்து நீண்டு, ஆரஞ்சுத் திட்டுகளோடு வேகமாக நடந்தால் பொறிவண்டின் புழு.

மாவுப்பூச்சிக் கூட்டத்தில் மற்றவற்றைவிடப் பெரிதாக, வெள்ளை மெழுகு இழைகளோடு நகர்வது அவற்றைத் தின்னும் கிரிப்டோலேமஸ் வண்டின் புழுவாக இருக்கலாம். மெல்லிய காம்பு நுனியில் நிற்கும் வெண்முட்டை கண்ணாடி இறக்கைப் பூச்சியுடையது. பழுப்பாக உப்பி அசையாமல் கிடக்கும் அசுவினிக்குள் குளவிக் குஞ்சு வளர்கிறது. புழுவின் முதுகில் அரிசியளவு வெள்ளைக் கூடுகள் ஒட்டியிருந்தால் அந்தப் புழுவையும் விட்டுவிடுங்கள்.

2008-ல் கோவையில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி கத்தரி, மரவள்ளி, மல்பெரிவரை பரவியது. அதை அடக்கியது 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்து விடப்பட்ட, கண்ணுக்கு எளிதில் படாத ஒரு குளவி.

இப்போது செய்ய வேண்டியவை

1. அசுவினி, மாவுப்பூச்சி தெரிந்தால் காலையில் இலையடியில் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். மிகவும் அப்பிய கொழுந்தைக் கிள்ளி அகற்றுங்கள்.
2. எறும்பு ஏறும் வழியை அடைத்துவிடுங்கள். அசுவினி சுரக்கும் தேன்துளிக்காக அதைக் காப்பது எறும்புதான்.
3. எபிலாக்னா, மூக்கு வண்டுகளைச் சோப்புத் தண்ணீரில் உதறுங்கள். மூக்கு வண்டு இருக்கும் தொட்டி மண்ணில் வேப்பம்புண்ணாக்கைக் கலந்துவிடுங்கள்.
4. வாடிய கத்தரிக் கொழுந்தைத் துளைக்குக் கீழே வெட்டி, புழுவோடு அழித்துவிடுங்கள். தொட்டியடியில் போடாதீர்கள்.
5. அப்படியும் அடங்காவிட்டால் 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்துத் துணியில் கட்டி, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவையுங்கள். பிழிந்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து, பாதித்த செடிக்கு மட்டும் மாலையில் தெளியுங்கள்.

பெயர் தெரியாத பூச்சி என்றால் பூச்சி, இலையடி, சேதம் மூன்றையும் படமெடுத்து அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டுங்கள். உழவர் அழைப்பு மையத்தின் 1800-180-1551 என்ற இலவச எண்ணிலும் கேட்கலாம். விடை வரும்வரை அந்தச் செடிக்கு எந்த மருந்தும் வேண்டாம்.