வீட்டில் ஒரு நாய் இருக்கும்போது இன்னொரு நாய்



நம்ம பள்ளிக்கூடத்து அடிபம்பு பக்கத்தில், வேப்பமரத்தடியில் படுத்துக் கிடந்த செவலையை எல்லோருக்கும் தெரியும். சத்துணவு முடிந்ததும் தட்டு கழுவுற இடத்தில் வந்து நிற்குமே, அதுதான்.

2025 நவம்பர் 7ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன் இங்கெல்லாம் இருக்கும் தெருநாய்களைப் பிடித்து, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு, காப்பகத்தில் வைக்க வேண்டும், திரும்ப அதே இடத்தில் விடக்கூடாது என்று. இதைப் பேப்பரில் படித்த நாளிலிருந்து எல்லோரும் என்னையே கேட்டார்கள், "உங்க வீட்டுலதான் மாட்டுக்கொட்டகை சும்மா கிடக்குல்ல, செவலையைக் கூட்டிட்டுப் போயேன்" என்று. எங்கள் வீட்டில் ஏற்கெனவே கருப்பன் இருக்கிறான். ஒன்பது வயசு. அதனால் நான் உடனே சரி என்று சொல்லவில்லை. சிலர் என்னிடம் பேசக்கூட இல்லை. காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

போன வருஷம் ஐப்பசி மழையில், மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குப் போகிற ரோட்டோரம் ஒரு குட்டி நனைந்து நடுங்கிக்கொண்டு கிடந்தது. தூக்கி வந்து கருப்பனின் சாக்கிலேயே படுக்க வைத்தேன். அவன் தட்டிலேயே பால் ஊற்றினேன். கருப்பன் உறுமினான். எனக்குக் கோபம் வந்து அவனைத்தான் வெளியே மழையில் கட்டிப் போட்டேன். அதை நினைத்தால் இப்பவும் ஒரு மாதிரி இருக்கு.

நாலாம் நாள் குட்டிக்கு வாந்தி, ரத்தபேதி. அரசு கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம் (எங்க அப்பாயி மாட்டாஸ்பத்திரின்னுதான் சொல்லுவாங்க). டாக்டர் பார்த்துவிட்டு இது பார்வோ என்றார். குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஆறாம் நாள் விடிகாலையில் குட்டி செத்துப்போச்சு.

பார்வோ ஒரு வைரஸ். மனுஷருக்கு வராது. ஆனால் நாய்க்குட்டிகளுக்கு எமன். கிருமி உள்ளே போய் பெரும்பாலும் மூணு நாளிலிருந்து ஏழு நாளுக்குள் நோய் காட்டும். சில நேரம் பதினாலு நாள் வரைக்கும் ஆகும். அதாவது நாம தூக்கி வரும்போது குட்டி நல்லாத்தான் விளையாடும். நோய் உள்ளே இருப்பது தெரியாது. அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்குமாம். சோப்பு போட்டுக் கழுவினால் சாகாது. பிளீச்சிங் பவுடர் கரைசல் வேண்டும். கருப்பனுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெரிய நாய்க்கு எதிர்ப்புச் சக்தி அதிகம், அதனால் தப்பித்தான் என்றார் டாக்டர்.

இதோடு முடியவில்லை. விளையாடும்போது குட்டி என் விரலைக் கடித்திருந்தது. சின்னக் கீறல், ஒரு பொட்டு ரத்தம், நான் யாரிடமும் சொல்லவில்லை. குட்டி செத்த பிறகு பயந்துபோய்ச் சொன்னேன். கடித்த நாயைப் பத்து நாள் கவனிக்க வேண்டும், அதற்குள் அது செத்துவிட்டால் சந்தேகம்தான், வெறிநோய் இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னார்கள். உடனே ஊசி. அப்புறம் 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள். ஊசி இலவசம்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும் அம்மா வாழைத்தோட்டத்து வேலையை விட்டுவிட்டு என்கூட வந்தாங்க. நாலு நாள் கூலி போச்சு.

வெறிநோய் அறிகுறி வந்துவிட்டால் மருந்தே கிடையாது. கடித்த உடனே ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு பதினைந்து நிமிஷம் கழுவணும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக்கூடாது. 1885 ஜூலை 6 அன்று லூயி பாஸ்டர் ஜோசப் மெய்ஸ்டர் என்கிற ஒன்பது வயசுப் பையனுக்கு இந்தத் தடுப்பூசியை முதன்முதலில் போட்டார். நம்ம குன்னூரில் பாஸ்டர் பெயரிலேயே 1907இல் தொடங்கிய நிலையம் இருக்கிறது. அந்த ஜூலை 6ஐ நினைவு வைத்துத்தான் பல ஊர்களில் நாய்களுக்கு இலவசத் தடுப்பூசி முகாம் நடத்துகிறார்கள். கருப்பனுக்கு இரண்டு வருஷமாகப் போடாமல் விட்டிருந்தோம். இந்த வருஷம் போட்டாச்சு.

மழையில் கிடந்த குட்டியைத் தூக்கியது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. 1959இல் சென்னை தியாகராய நகரில் மழைத்தண்ணீரில் தத்தளித்த இரண்டு குட்டிகளைக் கேப்டன் சுந்தரம் வீட்டுக்குத் தூக்கி வந்தார். அதிலிருந்து வந்ததுதான் புளூ கிராஸ். (அவர் மனைவி உஷாவும் விமானம் ஓட்டியவர். பெண்கள் கவனிக்கவும்!) தெருநாய்களைக் கொல்லாமல் கருத்தடை செய்து விடலாம் என்று 1964லேயே செய்யத் தொடங்கியவர்கள் அவர்கள்தான். செவலையின் காது நுனியில் ஒரு வெட்டு இருக்கிறதே, பார்த்திருக்கிறீர்களா? சண்டையில் கிழிந்தது இல்லை. கருத்தடை ஆபரேஷன் ஆகிவிட்டது என்று அடையாளம். அப்போதே வெறிநோய் ஊசியும் போட்டுவிடுவார்கள். ஆனால் அந்த ஊசியை வருஷா வருஷம் போடணும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தலைமையாசிரியர் அனுமதியோடு போன வாரம் அப்பா செவலையைக் கயிறு கட்டிக் கூட்டி வந்துவிட்டார். மறுநாளே ஊசியும் பூச்சி மருந்தும் ஆச்சு. மாட்டுக்கொட்டகையில் தனியாக இருக்கிறது. தட்டு தனி, சாக்கு தனி. கருப்பனுக்குச் சோறு வைத்த பிறகுதான் செவலைக்கு. செவலையைத் தொட்டால் கைகால் கழுவி, பாவாடையும் மாற்றித்தான் கருப்பனிடம் போகிறேன். பதினாலு நாள் இப்படி.

அதற்குப் பிறகு இரண்டு பேரின் சாக்கையும் மாற்றிப் போட்டு வாசனை பழக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். முதல் சந்திப்பு வீட்டில் வேண்டாமாம், ஏனென்றால் வீடு கருப்பனுடைய எல்லை. கொள்ளிடக் கரையில் அப்பா ஒன்றைப் பிடித்துக்கொள்ள, நான் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, தள்ளித் தள்ளி ஒரே பக்கமாக நடக்க வேண்டும். முதுகு முடி சிலிர்த்து முறைத்தால் அன்றைக்கு அவ்வளவுதான், திரும்பிவிட வேண்டும். பத்து நாளானாலும் அவசரப்படக் கூடாது.

இன்றைக்கு ஒன்பதாம் நாள். செவலை நன்றாகச் சாப்பிடுகிறது. கருப்பன் கொட்டகைப் பக்கம் பார்த்துப் பார்த்துக் குரைக்கிறான். பார்க்க வருகிறவர்கள் இன்னும் ஐந்து நாள் கழித்து வாங்க. வரும்போது பிஸ்கட் கொண்டு வந்தால் முதலில் கருப்பனுக்குக் கொடுங்க.