எளிதாக்கிச் சொல்லாதே

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. இந்த வருஷம் திடப்படுத்தல் வகுப்பை நீ எடுக்கிறாய் என்பதில் எங்களுக்கெல்லாம் சந்தோஷம். திரித்துவத்தைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது, "மூன்று ஒன்று கூட்டினால் மூன்றுதானே டீச்சர்?" என்று கேட்ட பையனுக்கு என்ன பதில் என்று கேட்டிருக்கிறாய். தண்ணீர், பனிக்கட்டி, நீராவி உதாரணத்தைச் சொல்லலாமா என்றும் எழுதியிருந்தாய்.

அந்த உதாரணம் வேண்டாம், அம்மா. பனிக்கட்டியாக இருக்கும் தண்ணீர் அப்போதே ஆவியாகவும் இருப்பதில்லை. கோலம் மாறுகிறது, அவ்வளவுதான். ஒரே கடவுள் ஒருமுறை பிதாவாகவும் ஒருமுறை குமாரனாகவும் ஒருமுறை ஆவியாகவும் தோன்றினார் என்கிற போதனை மூன்றாம் நூற்றாண்டிலேயே உண்டு. சபேலியு என்பவர் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். சபை அதைத் தள்ளிவிட்டது. யோர்தானில் குமாரன் ஞானஸ்நானம் பெறுகிறார், ஆவியானவர் இறங்குகிறார், பிதாவின் சத்தம் வானத்திலிருந்து கேட்கிறது. மூவரும் ஒரே நேரத்தில். கெத்செமனேயில் இயேசு தம்மிடமேயா ஜெபித்தார்? இந்தக் கேள்வியைப் பிள்ளைகளிடமே கேட்டுப் பார்.

கணக்குக் கேட்ட பையனைக் கடிந்துகொள்ளாதே. மூன்று தேவர்கள் சேர்ந்தால் ஒரு தேவன் என்று நாம் சொன்னால், அவன் சொல்வதுதான் சரி. நாமோ உபாகமம் 6:4ஐ விட்டு ஓரடியும் நகரவில்லை: தேவன் ஒருவரே. பிதா குமாரன் அல்ல, குமாரன் ஆவியானவர் அல்ல. மூவருக்கும் உள்ள தேவத்தன்மை ஒன்றே. எதில் ஒன்று என்கிறோமோ அதிலேயே மூன்று என்று நாம் சொல்லவில்லை. இதில் முரண்பாடு இல்லை என்று காட்ட இவ்வளவு போதும். "அது எப்படி?" என்று அவன் மேலும் கேட்டால், அங்கே நம் புத்திக்கு எட்டவில்லை என்று நேராகச் சொல்லிவிடு. ஆனால் கேள்வி எழும்பியவுடனே "இது ரகசியம், கேட்கக்கூடாது" என்று வாயை அடைத்துவிடாதே. சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் எட்டாததைப் பற்றிப் பேச நமக்கு உரிமை.

கொஞ்சம் சரித்திரமும் சொல்லிக்கொடு. அலெக்சாந்திரியாவில் மூப்பராக இருந்த ஆரியு, குமாரன் எல்லாவற்றிலும் உயர்ந்தவர், ஆனாலும் சிருஷ்டிக்கப்பட்டவர் என்று போதித்தார். கேட்பதற்கு எளிது, குழப்பம் இல்லை. ஆனால் குமாரன் சிருஷ்டி என்றால், அவரை ஆராதிக்கிற நாம் விக்கிரகாராதனை செய்கிறோம் என்றாகிறது. ஒரு சிருஷ்டி மற்ற சிருஷ்டிகளை எப்படி தேவனோடு சேர்க்க முடியும்? இதைத்தான் அத்தனாசியு விடாமல் கேட்டார். 325இல் கான்ஸ்டன்டைன் பேரரசர் கூட்டிய நிசேயா சங்கம், குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்று அறிக்கையிட்டது. அதோடு பிரச்சினை ஓயவில்லை. பிற்பாடு அலெக்சாந்திரியாவின் பேராயரான அத்தனாசியு ஐந்துமுறை நாடுகடத்தப்பட்டார். 381இல் கான்ஸ்டான்டிநோபிள் சங்கத்தில்தான் வழக்கு ஒருவாறு தீர்ந்தது.

இதில் நீ கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆரியுவின் வழியில் வந்த யூனோமியு, கடவுளின் தன்மையை மனிதன் முழுக்க அறிந்துகொள்ளலாம் என்று வாதித்தார். அவருக்கு மறுப்பு எழுதியவர்கள் செசரியாவின் பேசிலும் அவர் தம்பி நிசாவின் கிரகோரியும். 386இல் அந்தியோகியாவில் யோவான் கிறிசோஸ்தோம், தேவன் அறிவுக்கு எட்டாதவர் என்பதையே பொருளாக எடுத்து, யூனோமியுவின் கட்சியாருக்கு எதிராகப் பிரசங்கிக்கத் தொடங்கினார். எல்லாம் விளங்கிவிட்டது என்றவர்கள் திரித்துவத்தை மறுத்தவர்கள். அதற்காகப் போராடியவர்கள்தான் தங்கள் அறிவின் எல்லையை ஒத்துக்கொண்டவர்கள். அகஸ்டின் திரித்துவத்தைப் பற்றிப் பதினைந்து புத்தகங்கள் எழுதினார். மனிதனுடைய நினைவிலும் அறிவிலும் சித்தத்திலும் திரித்துவத்தின் சாயலைத் தேடினார். கடைசிப் புத்தகத்தில் அந்தச் சாயல் எவ்வளவு குறைவுபட்டது என்று சொல்லி, ஜெபத்தோடு முடித்தார்.

ஆகவே, நாம் சொல்லும் கடவுள் சுலபமாகப் புரிந்துவிட்டால் அங்கே எதையோ விட்டுவிட்டோம் என்று எண்ணிக்கொள். அதற்காக அவரைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்றும் பேசாதே. முழுக்க அறிய முடியாது என்பது வேறு, அறியவே முடியாது என்பது வேறு. அவர் தம்மைக் காட்டின மட்டும் நாம் மெய்யாகவே அறிந்திருக்கிறோம்.

இன்னொரு எச்சரிப்பு. 1 யோவான் 5:7ஐ ஆதாரமாக வைத்து வாதாடாதே. நம் பழைய மொழிபெயர்ப்பில், பரலோகத்தில் சாட்சியிடுகிற மூவரைப் பற்றி அங்கே வாசிக்கிறோம். பழைமையான கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் அது கிடையாது. எராஸ்மு அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டின் முதல் இரண்டு பதிப்புகளிலும் இல்லை. 1522இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் சேர்ந்தது. உன் வகுப்பில் ஒரு பிள்ளை இதை நாளைக்கு எங்கேயாவது படித்துவிட்டுத் தடுமாறக்கூடாது. நிசேயாவில் கூடினவர்களின் விசுவாசம் அந்த ஒரு வசனத்தின்மேல் நிற்கவில்லை.

பாடத்தை எங்கே தொடங்குவது? ஆராதனையிலிருந்தே தொடங்கு. பிதாவுக்கும் குமாரனுக்கும் ஆவியானவருக்கும் சேர்த்து மகிமை செலுத்தும் துதியை பேசில் சபையில் சொன்னபோது, சிலர் குறை சொன்னார்கள். அதற்குப் பதிலாகத்தான் 375 வாக்கில் பரிசுத்த ஆவியைப் பற்றிய நூலை எழுதினார். சபை ஜெபித்து வந்ததைத்தான் பிற்பாடு உபதேசமாக வகுத்தது. உன் பிள்ளைகளும் ஞானஸ்நானத்தில் அந்த மூவரின் நாமத்தைப் பெற்றவர்கள். ஆராதனை முடிவில் கிருபை, அன்பு, ஐக்கியம் என்று குருவானவர் கூறும் ஆசீர்வாதம் அவர்களுக்கு மனப்பாடம். 2 கொரிந்தியரின் கடைசி வசனத்தைத் திறந்து, அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேள். அங்கிருந்து நிசேயா விசுவாசப் பிரமாணத்துக்குப் போனால் அது அவர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது.

பாடக் குறிப்பை எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பிவை. எங்கெங்கே "தெரியாது" என்று எழுதியிருக்கிறாய் என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். அதற்கு முன் சொல்ல வேண்டியதைச் சொல்லியிருக்கிறாயா என்பதை அடுத்ததாக.

உன் பிரியமுள்ள,
பெரியப்பா