செம்பரத்தையின் வகை வேற்றுமை

ஓட்டப்பிடாரத்தைச் சூழ்ந்த கரிசற் பூமியிலே பருத்திச் செடியை அறியாதார் இலர். கொல்லையிற் பூக்கும் செம்பரத்தை அப்பருத்திக்கு நெருங்கிய உறவென்பதை நினைப்பவரோ சிலரே. இரண்டின் பூவையும் அருகருகே வைத்து நோக்குவோமாயின், ஐந்து இதழ்களும், நடுவே மகரந்தக் கேசரங்கள் ஒன்றுகூடி அமைந்த குழலும் அவ்வுறவைத் தெளிவாக்கும். வெண்டையும் துத்தியும் பூவரசும் இக்குடும்பத்தனவே.

1753-ஆம் ஆண்டில் லின்னேயஸ் இச்செடிக்குச் 'சீன ரோஜா' எனப் பொருள்படும் பெயரிட்டார். எனினும் எந்நாட்டுக் காட்டிலும் இது தானே வளர்வதை உறுதியாகக் கண்டிலர். பல இனங்கள் கலந்து, மக்கள் கையால் வளர்ந்த கலப்புச் செடியே இது என்பது தாவர நூலார் கருத்து. கருங்கண்ணிப் பருத்தியின் உயிரணு ஒவ்வொன்றிலும் 26 குரோமோசோம்கள் உள. அமெரிக்கப் பருத்தியில் 52. செம்பரத்தையிலோ அத்தொகை வகைக்கு வகை மாறும். நூற்றைக் கடந்தனவும் உள. கிழக்கு ஆப்பிரிக்காவின் கிழிந்த இதழ்ச் செம்பரத்தையையும், ஹவாய்த் தீவுகளின் இனங்களையும் இதனோடு கலந்து, இருபதாம் நூற்றாண்டிற் புதுவகைகள் பல உண்டாக்கினர்.

ஈண்டு மாணவர் ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டும். நிற வேற்றுமை வேறு, மரபு வேற்றுமை வேறு. ஒரு செடியின் ஒரு கிளை மட்டும் திடீரென நிறம் மாறிப் பூப்பதுண்டு. அக்கிளையை வெட்டி நட்டால் புதுவகை போலத் தோன்றும்; மரபிலோ தாய்ச் செடிக்கும் அதற்கும் பேதம் மிகச் சிறிதே. மாறாக, ஒன்றுபோற் சிவந்த இருசெடிகள் வெவ்வேறு முன்னோர் வழி வந்தனவாதலும் கூடும். மரபுப் பொருளாகிய டி.என்.ஏ.வைச் சோதிப்பதே இதனைத் துணியும் வழியாம்.

அடுக்குச் செம்பரத்தையிற் கேசரங்களே இதழ்களாக மாறிவிடுகின்றன. மகரந்தம் குறைதலின் விதை பிடிப்பது அரிது; ஆதலால் கிளையை நட்டே பெருக்குகிறோம். இங்ஙனம் ஒரு தாயின் கிளைகள் நூறு வீடுகளில் நின்றாலும், மரபால் அவை ஒரே செடி என்க.

இதனால் வரும் இடர் யாது? ஒன்றைத் தாக்கிய பூச்சியோ நோயோ அனைத்தையும் தாக்கும். மரபு வேறுபடின் சிலவேனும் பிழைக்க இடமுண்டு. 1994-இல் கிரெனடாத் தீவிற் புகுந்த மாவுப்பூச்சி செம்பரத்தை வேலிகளைப் பெரிதும் பாழாக்கியது. பருத்தியைத் தாக்கும் மாவுப்பூச்சியும், காட்டிற் பருத்தி இல்லாத காலத்தே செம்பரத்தையில் தங்கி, மறு விதைப்பு வரை உயிர் வாழ வல்லது. ஆகவே கொல்லைப் பூஞ்செடியின் நலம் கரிசல் உழவனுக்கும் உரியதே.

1901-இல் தோன்றிய கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் நல்ல பருத்தி வகைகளைத் தேர்ந்தளித்தது. வேற்றுமையுடைய செடிகள் இருந்தமையாலன்றோ தேர்தல் இயன்றது? பருத்தி வகையை விதையாகப் பேணி வைக்கலாம். விதையறியாச் செம்பரத்தைக்கோ நிற்கும் செடியே களஞ்சியம். கடைசிச் செடியை வெட்டினால் அவ்வகையே மாண்டொழியும். ஆதலின் விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர், பழைய கொல்லைகளில் எத்தனை வகை உள எனக் கணக்கெடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கிளை கொணர்ந்து கல்லூரித் தோட்டத்தில் நடுவாராக. செலவில்லாத இப்பணி, பல நூற்பாடங்களினும் மேலான பாடமாகும்.