கொள்கலன்களின் மிகை அதிகாரம்: எச்சரிக்கையை ஆராயும் முறை

ஓர் அலுவலர் எவ்வளவு தொகை வரை தாமே ஒப்பளிக்கலாம் என்பதை நிதி அதிகாரப் பகிர்வு விதிகள் வரையறுக்கின்றன. 1978ஆம் ஆண்டு விதிகளின் இடத்தில் 2024இல் புதிய விதிகள் வந்துள்ளன. கணிப்பொறிக்குள் இயங்கும் மென்பொருளுக்கும் இத்தகைய வரம்பு தேவை என்பதைப் பல அலுவலகங்கள் எச்சரிக்கை ஒன்று வந்த பின்னரே உணர்கின்றன.

தேசியத் தகவலியல் மையத்தின் மேகராஜ் போன்ற மேகக் கணிமை அமைப்புகளில் இன்று அரசுப் பணிகள் பல நடைபெறுகின்றன. அத்தகைய அமைப்புகளில் மென்பொருளைக் ‘கொள்கலன்’ என்னும் உறையிலிட்டு இயக்குவது பெருவழக்காகிவிட்டது. பல கணிப்பொறிகளை ஒரு கொத்தாக இணைத்து, எந்தக் கொள்கலன் எதில் இயங்குவது என்பதைக் குபர்நெட்டிஸ் என்னும் மென்பொருள் முடிவு செய்கிறது.

கொள்கலன் தனிக் கணிப்பொறி அன்று. ஒரே கணிப்பொறியிலுள்ள கொள்கலன்கள் யாவும் அதன் லினக்ஸ் கருவையே பகிர்ந்துகொள்கின்றன. லினக்ஸ், தலைமைப் பயனரின் அதிகாரத்தை ஏறத்தாழ 40 கூறுகளாகப் பிரித்துள்ளது. டாக்கர் இயல்பாக அளிப்பவை 14 மட்டுமே. ‘பிரிவிலேஜ்டு’ என்ற ஒரு சொல்லைக் கட்டமைப்புக் கோப்பில் எழுதிவிட்டால் அனைத்துக் கூறுகளும், வன்தட்டு உள்ளிட்ட கருவிகளும் கிட்டிவிடும். அத்தகைய கொள்கலனைக் கைப்பற்றியவர் கணிப்பொறியின் வட்டையே திறந்து, அதிலுள்ள பிற கொள்கலன்களின் இரகசியச் சாவிகளையும் எடுக்கலாம். ஓய்வூதியப் பதிவேடும் ஒரு சாதாரண அறிவிப்புப் பக்கமும் அருகருகே இயங்கும் கணிப்பொறியில் இதன் பொருள் என்ன என்பதை விளக்க வேண்டுவதில்லை.

மேட்டூரிலிருந்து மாதேசுவரன் மலைக்குச் செல்லும் சாலையில், இரு மாநிலங்களின் எல்லையில் உள்ளது பாலாறு சோதனைச் சாவடி. அங்கு வண்டியை நிறுத்திப் பார்ப்பது ஒரு பணி. காட்டினுள் ரோந்து செல்வது வேறொரு பணி. எச்சரிக்கை என்பது ரோந்துக்காரர் அனுப்பும் செய்தி. வண்டி முன்னமே உள்ளே நுழைந்துவிட்டது என்று அதற்குப் பொருள்.

எனவே முதற்கேள்வி, ‘தாக்குதல் நடந்ததா?’ என்பதன்று, ‘இவ்வதிகாரத்தை ஒப்பளித்தவர் யார், எப்பணிக்காக?’ என்பதே. கொள்கலனின் பெயர், அதன் மென்பொருள் எங்கிருந்து வந்தது, அதை உருவாக்கிய கணக்கு எது ஆகியவற்றைத் தணிக்கைப் பதிவிலிருந்து எடுக்க வேண்டும். வலையமைப்பு, சேமிப்பகம், கண்காணிப்பு ஆகியவற்றுக்கான சில கொள்கலன்களுக்கு மிகை அதிகாரம் உண்மையிலேயே தேவைப்படும். ஆனால் ‘வழக்கமானதுதான்’ என்று குறிப்பெழுதிக் கோப்பை மூடுவது விசாரணையாகாது. அந்தக் கொள்கலனுள் எவரேனும் கட்டளைச் சாளரம் திறந்தனரா, கணிப்பொறியின் மூல அடைவு அதனுடன் இணைக்கப்பட்டுள்ளதா என்பவற்றையும் பார்த்தாக வேண்டும்.

செயலை மட்டும் கண்காணித்தால் போதாது என்பதற்கு டெஸ்லா நிறுவனத்தின் அனுபவம் சான்று. கடவுச்சொல் இல்லாதிருந்த அதன் குபர்நெட்டிஸ் மேலாண்மைப் பலகை வழியே அயலார் நுழைந்து மின்னாணயம் ஈட்டியதை ரெட்லாக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் 2018 பிப்ரவரியில் வெளியிட்டது. கொத்தினுள் அமேசான் சேமிப்பகத்தின் சாவிகளும் வெளிப்பட்டுக் கிடந்தன. ஐயம் எழாதிருக்க, அவர்கள் கணிப்பொறியின் உழைப்பைக் குறைவாகவே பயன்படுத்தினர்.

ஐயத்துக்குரிய கொள்கலனை உடனே அழித்துவிட எவருக்கும் கை துறுதுறுக்கும். அழித்தால் சான்றும் அழியும். முதலில் வலைத்தொடர்பைத் துண்டித்து, பதிவுகளைப் படியெடுக்க வேண்டும். குபர்நெட்டிஸின் நிகழ்ச்சிக் குறிப்புகள் இயல்பமைப்பில் ஒரு மணி நேரமே தங்கும்; விரைவு இதற்காகத்தான். அத்துமீறல் உறுதியாயின் கொள்கலனை நீக்குவதோடு நில்லாது, அது இயங்கிய கணிப்பொறியையும் புதிதாக அமைத்து, சாவிகள் யாவற்றையும் மாற்ற வேண்டும். செர்ட்-இன் அமைப்பின் 2022 ஏப்ரல் 28ஆம் நாள் ஆணைப்படி, இத்தகைய நிகழ்வை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அதற்கு அறிவித்தல் வேண்டும். பதிவுகளை 180 நாட்கள் காத்தல் வேண்டும்.

சாவடியில் தடுக்கவும் வழி உண்டு. 2022 ஆகஸ்டில் வந்த குபர்நெட்டிஸ் 1.25ஆம் பதிப்பில், மூன்று நிலைகளில் அதிகாரத்தை வரம்பிடும் நுழைவுக் கட்டுப்பாடு நிலைபெற்றது. இதில் விலக்கு அளிக்க நேர்ந்தால், ஒப்பளித்தவர் பெயரும் காலாவதி நாளும் பதிவேட்டில் ஏறட்டும். முழு அதிகாரம் கேட்கும் மென்பொருளுக்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு கூறுகளே போதுமானவை. அவற்றைப் பெயர் சுட்டியே வழங்கலாம்.