மிளகு நாற்றுப் பைகளில் வேர் அழுகல்

மிளகு நாற்று வாடினால், தண்ணீர் போதவில்லை என்று எண்ணி மேலும் நீர் ஊற்றுவோர் உண்டு. வேர் அழுகியிருந்தால் அந்த நீரே நாற்றை மடியச் செய்யும். ஆகவே வாடிய நாற்றின் பையைப் பிரித்து முதலில் வேரைப் பார்க்க வேண்டும். நல்ல வேர் வெண்மையாக இருக்கும். அழுகிய வேர் கறுத்து, இழுத்தால் தோல் உரிந்து வரும்.

பைட்டோப்தோரா என்னும் நுண்ணுயிரே இதற்கு முக்கியக் காரணம். தேங்கிய நீரில் இதன் வித்துக்கள் நீந்திப் பரவும்.

தடுக்கும் முறை: மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, மக்கிய தொழு உரம் 1 பங்கு கலந்து, ஒரு கிலோ கலவைக்கு 1 கிராம் டிரைக்கோடெர்மா சேர்த்துப் பைகளை நிரப்ப வேண்டும். பையின் அடியில் துளைகள் அவசியம். மேல் மண்ணில் ஈரம் குறைந்த பின்னரே நீர் ஊற்ற வேண்டும்.

நோய் கண்டால்: தாக்கப்பட்ட நாற்றுகளைப் பிடுங்கி எரித்துவிட வேண்டும், அந்த மண்ணை மீண்டும் பயன்படுத்தக் கூடாது. மற்றப் பைகளுக்கு, ஒரு லிட்டர் நீரில் 2 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கரைத்து, பைக்கு 50 முதல் 100 மில்லி ஊற்ற வேண்டும். இம்மருந்தையும் டிரைக்கோடெர்மாவையும் ஒரே சமயத்தில் இடலாகாது.

நோயுள்ள நாற்றை மலிவு என்று வாங்கி நட்டால், தோட்டத்தில் காய்க்கும் கொடிகளும் வாடல் நோய்க்கு இரையாகும். வாங்குமுன் ஓரிரு பைகளைப் பிரித்து வேரைப் பார்ப்பது நலம்.