லாரியின் தானியங்கிக் கியர்ப்பெட்டி: பழுதறியும் முறை

சென்னிமலையின்மேல் கோயில் கொண்ட முருகனுக்குத் திருமஞ்சன நீரைக் காளைகள் படிவழியே சுமந்து ஏறும் வழக்கம் எங்களூரார் யாவரும் அறிந்ததே. படிகள் 1320. செங்குத்தான இடத்தில் அக்காளைகள் குறுநடையிட்டு ஏறும். சற்றே சமமான இடத்தில் நடையை நீட்டும். 'இவ்விடத்தில் நடையைச் சுருக்குக' என்று எவரும் அவற்றுக்குக் கூறுவதில்லை. சுமைக்கும் சரிவுக்கும் ஏற்ப நடையை மாற்றும் அறிவு அவற்றுக்கு இயல்பிலேயே அமைந்துளது. லாரிக்கோ அவ்வறிவு இயல்பில் இல்லை; மனிதன் அதனை அமைத்துக் கொடுத்தான். அங்ஙனம் அமைத்த கருவியே தானியங்கிக் கியர்ப்பெட்டி. அது பழுதுறுங்கால் அப்பழுதை அறியும் முறை யாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

எஞ்சின் ஒரு குறித்த சுழற்சி வேகத்திலேதான் தன் முழு வலிமையையும் தரும். நிற்கும் வண்டியைப் பெயர்ப்பதற்கும் மேட்டில் ஏற்றுவதற்கும் மிகுந்த முறுக்குவிசை வேண்டும். சமநிலத்தில் விசை குறைந்தாலும் வேகம் வேண்டும். எஞ்சினுக்கும் சக்கரங்களுக்கும் நடுவே நின்று, வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டியும், விசையைக் குறைத்து வேகத்தைக் கூட்டியும் தருவது கியர்ப்பெட்டி. கைக்கியர் லாரியில் ஓட்டுநர் இடக்காலால் கிளட்சை மிதித்து, இடக்கையால் தண்டைத் தள்ளி, ஒரு நாளில் பல நூறு முறை இம்மாற்றத்தைச் செய்தல் வேண்டும். தானியங்கிப் பெட்டியில் இவ்வேலையை இயந்திரமே ஏற்றுக் கொள்கின்றது.

இக்கருவியின் வரலாறு கடலில் தொடங்குகின்றது. செர்மானியப் பொறியறிஞர் ஹெர்மன் ஃபெட்டிங்கர் என்பார், கப்பலின் டர்பைனுக்கும் அதன் உந்துசுழலிக்கும் இடையே திரவத்தின் வாயிலாக ஆற்றலைக் கடத்தும் கருவியை ஆக்கி, 1905-ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1939-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 'ஹைட்ராமேட்டிக்' என்னும் தானியங்கிப் பெட்டியைக் கார்களில் வைத்து விற்கத் தொடங்கிற்று. 1950-களில் லாரிகளுக்கென்றே இத்தகைய பெட்டிகள் வெளிவந்தன. இன்று நம் மாநிலத்தில், சென்னைக்கு அணித்தாகிய ஒரகடத்தில், அல்லிசன் நிறுவனத்தின் தொழிற்சாலை ஒன்றுளது. நாமக்கல்லும் சங்ககிரியும் திருச்செங்கோடும் லாரித் தொழிலால் பெயர் பெற்றவை. ஆயினும் நம் நாட்டு லாரிகளிற் பெரும்பாலன இன்னும் கைக்கியர் உடையனவே. டிப்பர்களிலும் நகரப் பேருந்துகளிலும் தானியங்கி முறை பரவி வருகின்றது. கருவி புதிது, கைகளோ பழைய கருவியிற் பழகியவை. இடர்ப்பாடு இங்கேதான் தோன்றுகின்றது.

தானியங்கிப் பெட்டிகள் இருவகைப்படும். முதலாவது, எண்ணெயால் இயங்குவது. இதில் கிளட்சுக்கு மாறாக 'டார்க் கன்வெர்ட்டர்' என்னும் கருவி உண்டு. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றைச் சுழற்றினால், அதன் காற்றால் மற்றொன்றும் சுழலும் அன்றோ? காற்றுக்குப் பதில் எண்ணெயை வைத்து எண்ணுக. அதுவே இதன் அடிப்படை. பெட்டிக்குள் ஒரு நடுப்பற்சக்கரத்தைச் சிறு பற்சக்கரங்கள் கோள்கள் போலச் சுற்றி வரும். அவற்றுள் எது சுழல்வது, எது நிற்பது என்பதை எண்ணெய் அழுத்தத்தால் இறுகும் கிளட்சுத் தட்டுகள் முடிவு செய்யும்.

இரண்டாவது வகை, உள்ளே கைக்கியர்ப் பெட்டியே. கிளட்சும் பற்சக்கரங்களும் பழையனவே. கிளட்சை மிதிக்கும் காலும் தண்டைத் தள்ளும் கையும் மட்டும் மாறிவிட்டன. அவற்றின் வேலையை, மின்னணுக் கட்டளைப்படி, அழுத்தக் காற்றாலோ எண்ணெயாலோ இயங்கும் கருவிகள் செய்கின்றன. எவ்வகைப் பெட்டி என்பதை முதலில் தெரிந்து கொள்ளாமல் பழுது பார்க்கப் புகுதல், நோயாளி யாரென்று அறியாமல் மருந்து கொடுப்பதை ஒக்கும்.

ஈண்டு நான் நேரில் கண்ட ஒன்றைக் கூறுதல் பொருத்தமாகும். என் தாய்மாமன் கடன்பட்டு ஒரு டிப்பர் லாரி வாங்கினார். அது மேற்கூறிய இரண்டாம் வகைப் பெட்டி உடையது. ஓராண்டு நன்றாய் ஓடிய வண்டி, ஒரு நாட்காலையில் கியர் விழ மறுத்தது. திரையில் எச்சரிக்கை விளக்கு மின்னிற்று. சற்றுநேரம் எஞ்சினை ஓடவிட்டு, அணைத்து, மீண்டும் இயக்கியபோது ஒன்றும் நேராதது போல ஓடிற்று. மறுநாட் காலையிலும் அவ்வாறே நிகழ்ந்தது. பழுது பார்க்கும் இடமொன்றில் கணிப்பொறியை இணைத்துப் பார்த்து, 'கியர்ப்பெட்டியின் கட்டுப்பாட்டில் பழுது. பெட்டியை இறக்க வேண்டும்' என்றனர். செலவு பல இலட்சம் ஆகும் என்றும் கூறினர். வண்டி இரண்டு வாரம் நின்றது. கடன் தவணை மட்டும் நில்லாமல் வந்தது. அத்தையின் நகைகள் அடகுக் கடைக்குப் புறப்படும் நிலையில் இருந்தன.

அப்போது எங்களூர் முதிய எலெக்ட்ரீசியன் ஒருவர் வந்தார். அவர் பெட்டியைத் தொடவேயில்லை. "ஏனுங்க, இது எந்நேரமும் வருதுங்களா, காலைல மொதல்ல எடுக்கறப்ப மட்டுந்தானுங்களா?" என்று கேட்டார். காலையில் மட்டும் என்றார் மாமன். முதியவர் வோல்ட் அளக்கும் மீட்டரின் ஒரு முனையை பாட்டரியின் எதிர்முனையிலும், மற்றொன்றைக் கியர்ப்பெட்டியின் உடலிலும் வைத்து, வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். மீட்டரின் எண் எழுந்தது. பாட்டரியிலிருந்து அடிச்சட்டத்துக்கு வரும் எர்த் கம்பியின் அடியில் துரு மண்டியிருந்தது. அதனைக் கழற்றித் தேய்த்து இறுக்கினார். அன்று முதல் வண்டி ஓடுகின்றது. அவர் பெற்றது அரை நாட்கூலி.

காரணம் எளிது. இரவெல்லாம் நின்ற வண்டியில் ஸ்டார்ட்டர் மிகுந்த மின்சாரத்தை இழுக்கும். துருப்பிடித்த இணைப்பு அதனைத் தடுக்க, கட்டுப்பாட்டுக் கருவிக்குச் சேர வேண்டிய மின்னழுத்தம் விழும். கருவி தன்னை மறந்து தடுமாறும்; 'கியர் கேட்டேன், விழவில்லை' என்று குறித்து வைக்கும். கணிப்பொறி சொன்னது பொய்யன்று. பழுது தெரிந்த இடத்தை அது சொல்லிற்று, பழுது பிறந்த இடத்தைச் சொல்லவில்லை.

திருக்குறளின் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் 948-ஆம் குறள், நோயையும் அதன் காரணத்தையும் தணிக்கும் வழியையும் முறையே ஆராய்க என்கின்றது. அடுத்த குறள் நோயுற்றவன் அளவையும் நோயின் அளவையும் காலத்தையும் கருதச் சொல்கின்றது. எழுத்தறிவு குறைந்த அம்முதியவர் முதலிற் கேட்டது காலத்தைப் பற்றியே. அவ்வொழுங்கைப் பின்பற்றி, லாரிக்குரிய ஆய்வு முறையைக் கீழே வரிசைப்படுத்துகின்றேன்.

முதலாவது, ஓட்டுநரைக் கேட்டல். பழுது குளிர்ந்த நிலையிலா, சூடேறிய பின்னா? ஏற்றத்திலா, இறக்கத்திலா? பாரத்தோடா, வெறுவண்டியிலா? மழையில் நனைந்த பின்னரா? இவ்வினாக்களுக்குச் செலவு இல்லை. இவற்றின் விடைகளோ வேலையில் பாதியைக் குறைத்துவிடும்.

இரண்டாவது, மின்சாரத்தைப் பார்த்தல். லாரியின் மின்னமைப்பு பெரும்பாலும் 24 வோல்ட். எஞ்சின் ஓடுங்கால் ஏறத்தாழ 28 வோல்ட் காட்டுதல் வேண்டும். ஸ்டார்ட் செய்யும்போது எர்த் கம்பி வழியில் அரை வோல்ட்டுக்குமேல் இழப்பிருப்பின் ஐயுறுக. எலி கடித்த ஒயர், நீர் புகுந்த இணைப்பு, தளர்ந்த செருகி ஆகியவற்றையும் கண்ணாற் காண்க. காற்றால் இயங்கும் பெட்டியாயின் காற்றழுத்தத்தையும் நோக்குக. காற்றுத் தொட்டியைத் திறந்து விடும்போது நீர் வந்தால், காற்றை உலர்த்தும் கருவி பயனற்றுப் போயிற்று என்பது பொருள். அந்நீர் நுண்ணிய வால்வுகளை அடைத்துவிடும்.

மூன்றாவது, எண்ணெயைப் பார்த்தல். முதல்வகைப் பெட்டிக்கு எண்ணெயே குருதி. வண்டியைச் சமநிலத்தில் நிறுத்தி, கைப்பிரேக்கை இட்டு, எண்ணெய் சூடேறிய பின், நியூட்ரலில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க அளவைக் காண்பதே பெரும்பாலான பெட்டிகளுக்குரிய முறை. எஞ்சினை அணைத்துப் பார்த்தால் அளவு பொய்யாகும். நிறமும் பேசும். தெளிந்த சிவப்பு நலத்தைக் குறிக்கும். கருகிய நிறமும் தீய்ந்த வாடையும் கிளட்சுத் தட்டுகள் எரிந்தமையைக் காட்டும். பால் கலந்தாற்போல வெளுத்திருப்பின், குளிர்விக்கும் கருவி ஓட்டையாகி நீர் கலந்துவிட்டது. இரும்புத் துணுக்குகள் மின்னினால் பற்சக்கரமோ பேரிங்கோ தேய்கின்றது. இந்நிலையில் வண்டியை ஓட்டலாகாது.

நான்காவது, குறிகளைப் பிரித்தறிதல். எஞ்சின் இரைந்து சுழன்றும் வண்டி வேகம் பெறாவிடின் அது வழுக்கல். எண்ணெய்க் குறைவோ தட்டுத் தேய்வோ காரணமாகலாம். கியர் இட்டபின் நேரங்கழித்துப் பிடித்தால் வடிகட்டி அடைப்பையோ சீல் தேய்வையோ நினைக்க. வெட்டி வெட்டி மாறினால் வால்வுகளையும் அழுத்தத்தையும் ஆராய்க. வண்டி ஒரே கியரில் நின்றுவிட்டால் அஞ்ச வேண்டா. பழுதை உணர்ந்த கருவி மேலும் கேடு நேராவண்ணம் தன்னையே கட்டுப்படுத்திக் கொண்டது. இறுதியாகக் கணிப்பொறி தரும் குறியெண்ணைப் படிக்க. ஆனால் அக்குறியெண் எந்த மின்வழியில் பிழை என்று சொல்லுமேயன்றி, எந்தப் பொருளை மாற்றுக என்று சொல்லாது என்பதை மறவற்க.

ஐந்தாவது, இவையெல்லாம் கண்ட பின்னரே பெட்டியை இறக்குதல். நம்மிடத்துப் பழுதுகளில் இவ்வரிசை தலைகீழாய் நடப்பதே பெருங்கேடு.

இனி, வழியிற் பழுது நேர்ந்தால் செய்யத்தக்கன யாவை? கொங்கு நாட்டு லாரிகளுக்குக் கடுஞ்சோதனை தருவது திம்பம் மலைப்பாதை. பண்ணாரிக்கும் திம்பத்துக்கும் இடையே 27 கொண்டையூசி வளைவுகள். 2013-ல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட சத்தியமங்கலம் காட்டினூடே அது செல்கின்றது. 2022 பிப்ரவரி 10 முதல் உயர்நீதிமன்ற ஆணைப்படி அங்கு இரவுப் போக்குவரத்துக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. அவ்வழியைக் கொண்ட தேசிய நெடுஞ்சாலையின் எண்ணும் 948 என்பது வியப்பு. ஒரு வளைவில் ஒரு லாரி நின்றாலும், நோயாளியை ஏற்றிய வண்டி முதலாக யாவும் மணிக்கணக்கிற் காத்து நிற்கும். ஆகவே பழுதைத் தவிர்த்தலே முதற்கடமை.

ஏற்றத்தில் வண்டியை நிறுத்த நேர்ந்தால் பிரேக்கால் நிறுத்துக. ஆக்ஸிலரேட்டரை மெல்ல மிதித்து அந்தரத்தில் நிறுத்தி வைப்பது முதல்வகையில் எண்ணெயைக் கொதிக்கச் செய்யும், இரண்டாம் வகையில் கிளட்சை எரித்துவிடும். எண்ணெயின் வெப்பம் பொதுவாக 70 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். 120-ஐத் தாண்டுவது அபாயம். தாண்டினால் உடனே எஞ்சினை அணையாது, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, நியூட்ரலில் ஏறத்தாழ 1200 சுற்றில் இரண்டு மூன்று நிமிடம் ஓடவிடுக; எண்ணெய் குளிர்விப்பான் வழியே சுழன்று ஆறும். இறக்கத்தில் ஒருபோதும் நியூட்ரலில் உருளவிடாதீர்கள். டீசல் மிச்சம் என்று எண்ணி உயிரை இழந்தோர் உளர். தாழ்ந்த கியரைத் தெரிந்து, எஞ்சின் பிரேக்கின் துணையோடே இறங்குக.

வண்டி நின்றேவிட்டால், கைப்பிரேக்கை இட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வளைவுக்கு முன்னும் பின்னும் எச்சரிக்கை முக்கோணம் வைக்க. அடியிற் புகுவோர் கட்டையின்றிப் புகலாகாது. முதல்வகை வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முயலுதல் வீண். கட்டி இழுக்கும் முன்னர், பின்சக்கரங்களுக்குச் செல்லும் புரொபெல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிடுதல் இன்றியமையாதது. எஞ்சின் நின்றிருக்கையில் பெட்டியின் எண்ணெய்ப் பம்பு இயங்காது. சக்கரங்களோ பெட்டியின் உட்பகுதியைச் சுழற்றும். எண்ணெயின்றிச் சுழலும் பெட்டி சில கல் தொலைவிலேயே அழிந்துபோம். சிறு பழுதோடு நின்ற வண்டி, இழுத்துச் செல்லப்பட்ட வழியிலேயே பெரும்பழுது அடைவது இவ்வாறே.

அன்பர்களே, எங்களூர்த் தறிகளில் நெய்யும் போர்வையும் விரிப்பும் லாரியேறித்தான் ஊர் ஊராகச் செல்கின்றன. ஒரு லாரி நின்றால் ஓட்டுநர் ஒருவர் மட்டுமன்று, நெய்தவரும் சுமந்தவரும் உடன் நிற்கின்றனர். புதுக்கருவியை அஞ்சி ஒதுக்குதலும் அறியாமை. அதன் திரையில் தோன்றும் எழுத்தை ஆராயாது நம்புதலும் அறியாமை. நம் பணிமனைகளில் பழகும் இளைஞர்க்கு ஸ்பானரோடு மீட்டரைக் கையாளவும் கற்பித்தால், பல குடும்பங்களின் நகைகள் பெட்டியிலேயே இருக்கும். துருவைத் தேய்த்த அம்முதியவரிடம், இவற்றை எங்குக் கற்றீர்கள் என்று வினவினேன். "வண்டிகிட்டக் கேட்டுத்தானுங்க" என்றார். கேட்கும் பொறுமையே பழுதறியும் கலையின் முதற்பாடம் என்று அன்று தெளிந்தேன்.